மாடி சோலாரும் ஈ.பி. கம்பியும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் கேட்கிற கேள்விகள்

அம்மாபேட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாக வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு காலத்தில் தறிக்கூடங்களுக்கு மோட்டார் லைன் இழுப்பதே பெரும்பாலான வேலை. இப்போது கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் சோலார் பற்றிக் கேட்டுவிடுகிறார். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன். என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் இருக்கிறது, பேட்டரி கிடையாது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் என் தங்கை வீட்டில் அதே 3 கிலோவாட், கூடவே ஒரு லித்தியம் பேட்டரி. ஒரே அளவு பேனல், இரண்டு விதமான ஏற்பாடு. ஏன் அப்படி என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

சோலார் போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் ஃபேன் ஓடும்தானே?

ஓடாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விற்க வருகிறவர்களில் பலர் இதைக் கடைசிவரை சொல்வதில்லை. பில்லைக் குறைப்பதற்கான சோலார் வேறு, கரண்ட் போனால் வீட்டை ஓட்டுவதற்கான சோலார் வேறு. பேனல் இரண்டுக்கும் ஒன்றுதான். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்ற, கீழே சுவரில் மாட்டும் இன்வெர்ட்டர்தான் வேறு. மானியத்தோடு சாதாரணமாக மாட்டிக் கொடுப்பது ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை, ‘ஆன்-கிரிட்’ என்பார்கள். லைன் செத்தால் அதுவும் நின்றுவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாதாந்திரப் பராமரிப்பு என்று துணைமின் நிலையத்தில் காலையிலிருந்து நிறுத்துகிறார்களே, அது நல்ல வெயில் நேரம். மாடியில் பேனல் தகதகவென்று மின்னும், கீழே நாம் விசிறியால் விசிறிக்கொண்டிருப்போம். என் மாமியார் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

வெயில் கொளுத்தும்போது ஏன் அதை நிறுத்த வேண்டும்? வேண்டுமென்றே செய்கிறார்களா?

வேண்டுமென்றேதான். லைன்மேனின் உயிருக்காக.

தெருவில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒருவர் கம்பத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் லைன் செத்த லைன். அந்த நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து 230 வோல்ட் கம்பிக்குள் போனால் அவர் கை வைக்கும் இடத்தில் உயிர் இருக்கும். அதோடு முடியாது. தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டு வோல்ட்டாக இறக்குகிற மாதிரியே, கீழிருந்து கொடுத்தால் தலைகீழாக ஏற்றியும் விடும். நம் வீட்டு 230, மேலே ஆயிரக்கணக்கில் நிற்கும். வேலை தொடங்கும் முன் லைனை ஷார்ட் செய்து எர்த் ராடு மாட்ட வேண்டும் என்ற விதி இந்த மாதிரி ஆபத்துக்காகத்தான். ஆனால் எல்லா நாளும் எல்லா இடத்திலும் அது நடக்கிறது என்று நம்பி நாம் மாடியில் கரண்ட் தயாரிக்க முடியாது.

அதனால் லைனோடு சேரும் இன்வெர்ட்டர் எப்போதும் லைனின் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மத்திய மின்சார ஆணையம் 2013-இல் போட்ட விதிப்படி, வோல்டேஜ் 230-இல் 80 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 110 சதவீதத்துக்கு மேலே ஏறினாலோ 2 விநாடிக்குள் விலகிவிட வேண்டும். கரண்ட் விநாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்கிற அதிர்வெண் 50.5 ஹெர்ட்ஸைத் தொட்டாலும் 47.5-க்குக் கீழே இறங்கினாலும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் விலக வேண்டும். லைன் திரும்பி வந்தாலும் உடனே சேரக்கூடாது. குறைந்தது ஒரு நிமிஷமாவது நிலையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேரும். கரண்ட் வந்தும் சோலார் ஓடவில்லை என்று உடனே எனக்கு போன் செய்கிறவர்கள் ஒரு டீ குடித்துவிட்டுப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியென்றால் கரண்ட் போனாலும் ஓட என்ன செய்வது?

‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். லைன் செத்ததும் அது தெருவிலிருந்து வீட்டைத் தானே கத்தரித்துக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் ஒரு சின்ன ஈ.பி. மாதிரி ஓடும். தெருக் கம்பிக்கு ஒரு சொட்டுகூடப் போகாது.

ஆனால் முழு வீட்டையும் அதில் தூக்கி வைக்க நினைக்காதீர்கள். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டி.பி. (சர்க்கியூட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனியாக வைத்து, கரண்ட் போனாலும் வேண்டும் என்கிற சர்க்கியூட்டுகளை மட்டும் அதற்கு மாற்ற வேண்டும்: லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், இன்டர்நெட் பெட்டி. போர் மோட்டாரும் ஏ.சி.யும் வாட்டர் ஹீட்டரும் பழைய போர்டிலேயே இருக்கட்டும். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட்தான். கிளம்புகிற நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த இழுவையில் இன்வெர்ட்டர் மூச்சுத் திணறி மொத்த வீட்டையும் இருட்டாக்கும்.

இதில் அடிக்கடி பார்க்கிற தவறு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர். கரண்ட் வருகிற பேஸ் வயரை மட்டும் புது டி.பி.க்கு மாற்றிவிட்டு நியூட்ரலைப் பழைய கட்டையிலேயே எல்லாவற்றோடும் சேர்த்து விட்டுவிடுவார்கள். அப்புறம், கரண்ட் கசிந்தால் லைனைக் கத்தரிக்கிற ஈ.எல்.சி.பி. காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். பேக்கப் சர்க்கியூட்டின் நியூட்ரலும் பேஸோடு கூடவே போக வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் யு.பி.எஸ்.ஸும் ஒரு பேட்டரியும் இருக்கிறது. அதோடு சோலாரை இணைத்துவிடலாமா?

இரண்டையும் தனித்தனியாக விட்டால் நிம்மதி. கரண்ட் இருக்கும்போது சோலார் பில்லைக் குறைக்கும், கரண்ட் போனால் யு.பி.எஸ். நாலு லைட்டையும் ஃபேனையும் ஓட்டும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. ஆன்-கிரிட் இன்வெர்ட்டரின் வயரைக் கொண்டுபோய் யு.பி.எஸ். கொடுக்கிற பக்கத்தில் சேர்ப்பது. கரண்ட் போனதும் யு.பி.எஸ். கொடுக்கிற 230 வோல்ட்டைப் பார்த்து, ஈ.பி. வந்துவிட்டது என்று ஏமாந்து சோலார் தள்ள ஆரம்பிக்கும். வீட்டில் அவ்வளவு லோடு இருக்காது. மிச்சம் யு.பி.எஸ்.ஸுக்குள்ளேயே திரும்பிப் பாயும், அது வெந்துபோகும். டீசல் ஜெனரேட்டருக்கும் இதே கதைதான். எஸ்டேட் பங்களாக்காரர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவும்.

பேட்டரி போட்டால் லாபமா, நஷ்டமா?

பணக் கணக்கில் சேலம் டவுனுக்குள் நஷ்டம். நம் வீட்டு இணைப்புக்கு, கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் கணக்குப் போட உதவும் நெட் மீட்டர் இருக்கும்வரை ஈ.பி. லைனே நமக்குப் பெரிய பேட்டரி. பகலில் ஒரு யூனிட் கொடுத்தால் ராத்திரி ஒரு யூனிட் முழுசாகத் திரும்பி வருகிறது. அதே யூனிட்டை நம் பேட்டரியில் போட்டு எடுத்தால் பத்தில் ஒரு பங்காவது வழியில் சூடாகிப் போய்விடும். அதற்கு மேல் பேட்டரியின் விலை, அதன் ஆயுசு.

நான் என் வீட்டுக்கு வாங்காததற்குக் காரணம் இதுதான். எங்கள் தெருவில் கரண்ட் போனால் பெரும்பாலும் அரை மணி, ஒரு மணியில் வந்துவிடும். பழைய யு.பி.எஸ். தாங்குகிறது.

தங்கை வீட்டுக் கதை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதை ஓரம் ஒரு சில்வர் ஓக் சாய்ந்து கம்பி மேல் விழுந்தால், எந்த இடத்தில் விழுந்தது என்று தேடிப் போவதற்கே பொழுது சாயும். மழையோடு மரத்தை அறுத்து, கம்பி இழுத்து, கம்பம் நட்டு... ஒரு ராத்திரி முழுக்க இல்லாமல் இருந்த நாட்கள் உண்டு. வயதான மாமனாருக்கு மூச்சுக்கு மருந்து ஏற்றும் நெபுலைசர் இருக்கிற வீடு அது. அங்கே பேட்டரிக்கு லாப நஷ்டக் கணக்கு யாரும் போடவில்லை.

டியூபுலர் பேட்டரியா, லித்தியமா?

நாம் வழக்கமாகப் பார்க்கிற 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலரில் பேருக்கு 1.8 யூனிட் இருக்கும். பாதிக்கு மேல் தினமும் உறிஞ்சினால் சீக்கிரம் படுத்துவிடும். ஆக, ஒன்றுக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று வருகிற 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பெட்டியில் 5 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் 4 யூனிட்டுக்கு மேலேயே தைரியமாக எடுக்கலாம். விலை கூடுதல். ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம்.

எப்போதாவது அரை மணி நேரம் கரண்ட் போகிற வீட்டுக்கு டியூபுலர் போதும். தினமும் ஏற்றி இறக்கப் போகிறீர்கள் என்றால் லித்தியம்தான். தங்கை வீட்டில் ராத்திரி இழுக்கிற லோடு இவ்வளவுதான்: கரண்டைக் குறைவாக இழுக்கிற 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, லைட்டுகள், ஃபிரிட்ஜ். ஏழு மணிக்குப் போன கரண்ட் விடிந்தும் வரவில்லை என்றாலும் பேட்டரியில் மிச்சம் இருக்கிறது.

இடம் முக்கியம். டியூபுலர் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றோட்டம் இல்லாத அலமாரியிலோ பூஜை அறை விளக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். லித்தியத்துக்கு எதிரி சூடு. சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்தால், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்கியூட்டே ‘போதும்’ என்று சார்ஜை நிறுத்திவிடும். மாடிப்படிக்குக் கீழே, நிழலில், சுவரோரம் வையுங்கள். ஏற்காட்டுக் குளிரால் ஒன்றும் ஆகாது. உறைநிலைக்குக் கீழே போனால்தான் லித்தியத்தை சார்ஜ் பண்ணக்கூடாது. நம் மலையில் அந்தக் குளிருக்கு இடமில்லை.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடலாம்?

ஈ.பி. அட்டையை எடுத்து ஒரு வருஷத்து ஆறு பில்லின் யூனிட்டைக் கூட்டி ஆறால் வகுங்கள், இரண்டு மாதச் சராசரி கிடைக்கும். ஒரு கிலோவாட் நம் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், 3 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி வரும். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத மாடி வேண்டும்.

இன்னொரு கணக்கு உண்டு. சோலார் மேலேயுள்ள அடுக்கிலிருந்துதான் வெட்டும். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8.55 ரூபாய், 600-ஐத் தாண்டினால் 9.65, 800-க்கு மேல் 10.70, ஆயிரத்துக்கு மேல் 11.80. ஆகவே 900 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு முதலில் போடும் ஒரு கிலோவாட் மிச்சம் பிடிக்கும் பணம், கடைசியாகப் போடும் ஒரு கிலோவாட் பிடிக்கிறதைவிட மிக அதிகம். பில்லைப் பூஜ்யமாக்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள், கடைசி நூறு யூனிட் எப்படியும் இலவசம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் எரிக்கிற வீடா? போடாதீர்கள். அந்தக் காசுக்குப் பழைய ஃபிரிட்ஜை மாற்றுங்கள். இதைச் சொல்லி நானே சில வேலைகளை இழந்திருக்கிறேன், பரவாயில்லை.

நெட் மீட்டர் கணக்கு எப்படி ஓடுகிறது?

ஒரு வீட்டைப் பார்ப்போம். இரண்டு மாதத்தில் வீடு எரித்தது 620 யூனிட். மாடி தந்தது 690. ஆனால் மீட்டருக்கு இந்த இரண்டு எண்ணும் தெரியாது. பகலில் மாடி தந்ததில் 210 யூனிட்டை வீடே அப்போதைக்கப்போது சாப்பிட்டுவிட்டது. அது மீட்டரைத் தொடவே இல்லை. மிச்சம் 480 வெளியே போனது. ராத்திரியிலும் மேகம் மூடிய நேரத்திலும் உள்ளே வந்தது 410. மீட்டரில் தெரிவது இந்த 410-உம் 480-உம்தான். கழித்தால் 70 யூனிட் நம் பக்கம் வரவு, அது அடுத்த பில்லுக்குப் போகும்.

எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று: மாதப் பிறப்பன்று மீட்டரில் இறக்குமதி, ஏற்றுமதி இரண்டையும் போனில் படம் எடுத்து வைப்பது. கணக்கெடுக்க வருகிறவர் ஒரு எண்ணை மாற்றிக் குறித்துவிட்டால், பேசுவதற்குக் கையில் ஆதாரம் இருக்கும்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. மீட்டர் மாற்ற மட்டும் நாளாகிறது. அதுவரை சும்மா ஆன் பண்ணி வைக்கலாமா?

வேண்டாம், சாமி.

நான் பட்டதைச் சொல்கிறேன். எனக்கு மாட்டிக் கொடுத்த கம்பெனி ஆள், ‘வேஸ்டாகப் போகுதே அண்ணே, ஓடட்டும்’ என்று ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனார். எனக்கும் ஆசை, பேசாமல் இருந்துவிட்டேன். பழைய சக்கர மீட்டராக இருந்தால் பின்னோக்கிச் சுற்றியிருக்கும். இப்போது இருப்பது எலக்ட்ரானிக் மீட்டர். திருட்டைத் தடுக்க, கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் அதைச் செலவாகவே எண்ணும்படி பல மீட்டர்களை அமைத்திருக்கிறார்கள். நான் மூன்று வாரம் ஊருக்குத் தானம் கொடுத்த யூனிட்டெல்லாம் என் கணக்கிலேயே செலவாக ஏறியிருந்தது. சோலார் போட்ட பிறகு வந்த முதல் பில் சோலார் இல்லாத காலத்து பில்லைவிட அதிகம். வயரிங்காரன் வீட்டிலேயே இப்படி என்று தெருவே சிரித்தது. இருவழி மீட்டர் வந்து, அதில் ஏற்றுமதி எண் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும்.

ஈ.பி.க்குச் சொல்லாமலேயே மாட்டிக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். கம்பம் ஏறுகிறவருக்கு இந்த வீட்டில் சோலார் இருப்பதே தெரியாது என்பது அதைவிடப் பெரிய தப்பு.

நல்ல வெயிலில், பன்னிரண்டு மணிக்கு, இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. பேனல் கெட்டுவிட்டதா?

பேனலைத் திட்டாதீர்கள். இன்வெர்ட்டரின் திரையில் ‘கிரிட் ஓவர் வோல்டேஜ்’ என்று வருகிறதா பாருங்கள். பத்தில் ஏழெட்டு வீடுகளில் காரணம் அதுதான்.

தண்ணீர் உயரத்திலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். நம் வீட்டிலிருந்து தெருவுக்குக் கரண்ட் போக வேண்டுமென்றால் நம் வீட்டு வோல்டேஜ் தெருவைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்க வேண்டும். எவ்வளவு உயரம் என்பதைக் கம்பி முடிவு செய்யும். கம்பம் 30 மீட்டர் தள்ளி இருக்கிறது, 4 சதுர மில்லிமீட்டர் அலுமினிய சர்வீஸ் வயர் என்றால், போய்வர 60 மீட்டருக்கு ஏறக்குறைய 0.4 ஓம் தடை. 3 கிலோவாட் தள்ளும்போது 13 ஆம்பியர். பெருக்கினால் 5 வோல்ட்டுக்கு மேல். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே இருந்து, தெருவில் ஏற்கெனவே 248 நின்றால், நம் வீட்டில் 253 தாண்டிவிடும். அதுதான் 230-இன் 110 சதவீதம். இன்வெர்ட்டர் விலகும், உடனே வோல்டேஜ் இறங்கும், மறுபடி சேரும், மறுபடி ஏறும். நின்று நின்று ஓடுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

எங்கள் பேட்டையில் இது ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம். தறிகள் ஓடாது, லைனில் லோடு இருக்காது, வோல்டேஜ் மேலே நிற்கும். அதே மாடி, அதே வெயில், சனிக்கிழமை ஒழுங்காக ஓடியிருக்கும்.

சரிசெய்யும் வழி இதுதான். முதலில் முனைகளை இறுக்குங்கள். கம்பத்திலும் மீட்டரிலும் கருகிப்போன இணைப்பு ஒன்று இருந்தாலே பல வோல்ட் தின்னும். கம்பத்துப் பக்கம் நாம் கை வைக்கக்கூடாது, பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைன்மேனை வரவழைக்க வேண்டும். அடுத்தது சர்வீஸ் வயரைப் பெரிதாக்குவது. தெரு வோல்டேஜே எப்போதும் அதிகம் என்றால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி மாற்றச் சொல்லிக் கேட்கலாம். இன்வெர்ட்டரின் எல்லை அளவை மட்டும் உயர்த்தச் சொல்லாதீர்கள். ரகசிய எண் போட்டு அதை 270 ஆக்கித் தருகிற ‘கெட்டிக்காரர்கள்’ ஊரில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு டி.வி. போனால் யார் பதில் சொல்வது? மோட்டார், துவைக்கும் மெஷின், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஓட்டிப் பாருங்கள். வீட்டிலேயே லோடு இருந்தால் வெளியே தள்ளுவது குறையும், வோல்டேஜும் அடங்கும்.

மானியம் எவ்வளவு? விண்ணப்பம் எப்படி?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அதே தொகைதான். செல் உட்பட இந்தியாவில் தயாரான பேனலாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று வேறு பேனல் மாட்டினால் மானியம் போச்சு. பேட்டரிக்கு இதில் பைசா கிடையாது.

இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்து, பட்டியலில் உள்ள கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியம் பார்க்கத் தேவையில்லை, விண்ணப்பத்தை ஏற்றதாகவே கொள்ள வேண்டும் என்று 2024-இல் மத்திய விதியைத் திருத்தினார்கள். முன்பு இந்த ஒரு படியிலேயே மாசக்கணக்கில் கிடப்பில் கிடந்த வீடுகளை எனக்குத் தெரியும்.

அலைச்சலைக் கூட்டுவது பெயர். சர்வீஸ் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா படத்தில் இருப்பார், வங்கிக் கணக்கு பேரன் பெயரில். முதலில் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், அப்புறம் சோலாரைத் தொடுங்கள்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் சோலார் வேலைக்கு ஆகுமா?

ஆகும், சேலத்துக் கணக்கைப் போடாமல் இருந்தால். மூடுபனி இறங்கிய நாளில் நல்ல நாளின் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் வரும். ஆனால் பனி விலகிய நாளில் மலை கீழ்நாட்டைவிடக் கெட்டி. பேனல் ஒளியைத்தான் விரும்பும், சூட்டை வெறுக்கும். சித்திரையில் சேலத்து மாடியில் பேனல் 65 டிகிரி வரை காயும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல இழக்கும். கூட்டிப் பார்த்தால் 14 சதவீதம் காற்றோடு போச்சு. அதே நேரம் ஏற்காட்டில் பேனல் அவ்வளவு வேகாது.

மலையில் எனக்குப் பயம் பனியைவிட மரம்தான். காபிக்கு நிழல் கொடுக்க வளர்த்த சில்வர் ஓக், வீட்டைச் சுற்றியும் நிற்கும். வரிசையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின் மேல் ஒரு கிளை நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் தளரும். தோட்டத்து மரத்தை வெட்ட மனசும் வராது, அனுமதியும் லேசில் வராது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியாக மைக்ரோ இன்வெர்ட்டர் வைப்பது நல்லது. நிழல் விழுந்த பேனல் மட்டும் சோர்ந்து நிற்கும், மற்றவை ஓடும். ஆனால் பின்னால் பேட்டரி சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்குப் பொருந்துமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மங்களூர் ஓட்டுக் கூரை மேல் ஏற்ற வேண்டாம். முற்றத்தில் வெயில் விழும் மூலையில் இரும்புச் சட்டம் நட்டுவிடலாம்.

கீழிருந்து கொண்டுவரும்போது கவனம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் குலுங்குகிற வண்டியில் பேனலைப் படுக்கப்போட்டு மேலே மூட்டை அடுக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். செங்குத்தாக நிறுத்திக் கட்டச் சொல்லுங்கள்.

இடி விழுந்தால்?

கோடை மழையில் மலைமேல் இடிக்குப் பஞ்சமில்லை. மூன்று எர்த் குழி தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்ட் பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. பாறை நிலத்தில் உப்பும் கரியும் போட்ட பழைய குழி கோடையில் காய்ந்து உதவாமல் போகும். பென்டோனைட் களிமண் நிரப்பிய கெமிக்கல் எர்த் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் ‘சூப்பரா இருக்குங்க’ என்றால் நம்பாதீர்கள். இன்வெர்ட்டரின் இரு பக்கமும், இடியால் திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுக்கிற சர்ஜ் தடுப்பான் இருக்க வேண்டும். அதில் பச்சை ஜன்னல் சிவப்பானால் உயிரைக் கொடுத்து உங்கள் இன்வெர்ட்டரைக் காப்பாற்றிவிட்டது என்று அர்த்தம், புதுசு மாற்றுங்கள்.

பேனல் எந்தத் திசை பார்க்க வேண்டும்?

தெற்கு, 10 முதல் 12 டிகிரி சாய்வு. சேலம் 11.65 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் சூரியன் நடுமண்டைக்கு வரும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே நிற்கும். ஆகவே கிழக்கு மேற்குதான் கிடைக்கிறது என்றாலும் பெரிய நஷ்டமில்லை.

தீப்பிடிக்கும் என்கிறார்களே?

பேனலிலிருந்து இறங்கும் வயரில் ஓடுவது டி.சி., ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். ஆறு பேனலைக் கோத்தால் 300 வோல்ட்டை ஒட்டி வரும். வீட்டில் ஓடும் ஏ.சி. கரண்ட் ஒரு விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டி.சி.யில் பொறி பிடித்தால் விடாது. நான் பார்த்த கருகல்கள் எல்லாமே இணைப்பானில்தான்: ஒரு கம்பெனியின் ஆண் முனையையும் இன்னொரு கம்பெனியின் பெண் முனையையும் சேர்த்து மாட்டியது, சரியாக அழுத்தாமல் விட்டது, அணில் கடித்தது. ஓடும்போது அந்த இணைப்பானைப் பிடுங்கவே கூடாது. முதலில் ஏ.சி. ஸ்விட்ச், பிறகு டி.சி. ஸ்விட்ச், அப்புறம்தான் கை. வருஷத்துக்கு ஒருமுறை நல்ல வெயிலில் ஒவ்வொரு இணைப்பையும் தொடாமல், வெப்பம் அளக்கும் துப்பாக்கியால் பார்த்தால் போதும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

மாதம் இருமுறை, விடிகாலையில். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் சுரங்கத்துக்கு அருகில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும், வெள்ளைத் தூசி மாவு மாதிரி படியும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் படலம் கட்டும். மேட்டூர்க் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் கழுவுங்கள்.

மாடி முழுக்கப் பேனல் வைத்துவிட்டால் வடகம் எங்கே காயப்போடுவது?

கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் ஊரில் இது முக்கால்வாசி வீடுகளில் வரும் கேள்வி. சட்டத்தைத் தரையோடு வைக்காமல் ஏழெட்டு அடி உயரத்தில் தூக்கச் சொல்லுங்கள். இரும்புக்கு ஆகும் செலவு கூடும். காற்றின் இழுவையும் கூடுவதால் கால்களைத் தளத்தில் போல்ட் போட்டு ஆழமாகப் பதிக்க வேண்டும், தளத்தை ஓட்டை போட்ட இடத்தில் ஒழுகாமல் அடைக்கவும் வேண்டும். கீழே நிழல் விழும், துணி காயும். ஜவ்வரிசி வடகத்துக்கு மட்டும் நேர் வெயில் வேண்டும் என்று என் வீட்டில் தெற்கு ஓரம் ஆறடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதனால் நான் போட நினைத்த ஏழாவது பேனல் இன்னும் கடையிலேயே இருக்கிறது.